உடலின் நீரும் இதயத்தின் உழைப்பும்



இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் தண்ணீர். "தண்ணீரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? தாகம் எடுத்தால் குடிக்கிறோம், தீர்ந்தால் விடுகிறோம்" என்று நீங்கள் எண்ணலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவன் என்னிடம் நான்காம் ஆண்டில் படித்த ஒரு மாணவன். அவனைப் பற்றிச் சொல்லிவிட்டே உரையைத் தொடங்குகிறேன்.

2006-ஆம் ஆண்டு, மார்ச் மாதம். மழை கண்ணில் படாத நாள்கள். பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து சில ஆண்டுகளே ஆன இளம் ஆசிரியன் நான். ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் திங்கட்கிழமைச் சபைகூடல் நடந்துகொண்டிருந்தது. அன்று பேச்சு நீண்டுவிட்டது. வெயில் ஏறிவிட்டது. வரிசையில் நின்ற ஒரு பையன் இப்படியும் அப்படியும் ஆடினான். விளையாடுகிறான் என்று நினைத்து, "நேராக நில்!" என்று அதட்டினேன். அவன் நேராக நின்றான். சற்று நேரத்தில் மரம் சாய்வதுபோல் முகம் குப்புற விழுந்தான். உதடு கிழிந்து இரத்தம் வந்தது.

பட்டணத்துக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்த மருத்துவ உதவியாளர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காலையிலிருந்து என்னப்பா குடித்தாய்?" பையன் என்னைப் பார்த்துத் தயங்கினான். பிறகு, "ஒன்றும் குடிக்கலை சார். குடித்தால் ஒன்றுக்குப் போகணும். பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் போகப் பயமா இருக்கு" என்றான்.

அவன் விழுந்ததற்கும் அவன் குடிக்காத தண்ணீருக்கும் என்ன தொடர்பு? மூளைக்கு இரத்தம் குறைந்தால் மயக்கம் வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் தண்ணீர் குறைந்தால் இரத்தம் ஏன் குறைய வேண்டும்? அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றைத்தான் இன்று உங்களிடம் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் நம் உடலின் நீர்க்கணக்கைப் பார்ப்போம். வளர்ந்த ஆணின் உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீர். பெண்களுக்கு இது சற்றுக் குறைவு. பிறந்த குழந்தைக்கோ ஏறக்குறைய 75 விழுக்காடு. 60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொண்டால் அவர் உடலில் 36 லிட்டர் நீர் இருக்கிறது. இதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 24 லிட்டர், உயிரணுக்களுக்கு உள்ளே இருக்கிறது. மீதி 12 லிட்டர் வெளியே இருக்கிறது. அந்த 12 லிட்டரிலும் பெரும்பகுதி தசைகளின் இடுக்குகளிலும் தோலுக்கு அடியிலும் ஊறிக் கிடக்கிறது. இரத்தக் குழாய்களுக்குள் ஓடும் நீர் சுமார் 3 லிட்டர்தான்.

அந்த நீரில் சிவப்பணுக்கள் மிதக்கின்றன. உப்பும் சர்க்கரையும் புரதங்களும் கரைந்திருக்கின்றன. எல்லாம் சேர்ந்ததே இரத்தம். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உண்டு. அணுக்களை நீக்கிவிட்டால் எஞ்சும் வெளிர்மஞ்சள் நீர்மத்தைப் பிளாஸ்மா என்பார்கள். அதில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் தண்ணீர். ஆகவே, இரத்தத்தின் அளவைக் காப்பது என்றால் முதலில் அதிலுள்ள நீரைக் காப்பது என்றே பொருள்.

இனி இதயத்துக்கு வருவோம். ஓய்வாக இருக்கும்போது நம் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 70 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. பெருக்கிப் பாருங்கள்: 4,900 மில்லிலிட்டர், அதாவது ஏறக்குறைய 5 லிட்டர். உடலில் இருப்பதும் 5 லிட்டர். ஒரு நிமிடத்தில் இதயம் தள்ளுவதும் 5 லிட்டர்! அப்படியானால் ஒரே இரத்தம்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது என்றுதானே பொருள்? இந்தக் கணக்கைப் போட்டே இரத்த ஓட்டத்தை நிறுவியவர் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் வில்லியம் ஹார்வி. 1628-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், ஒரு துடிப்புக்கு மிகச் சிறிய அளவு என்று வைத்துக்கொண்டாலும், அரை மணி நேரத்தில் இதயம் தள்ளும் இரத்தம் உடலில் உள்ள மொத்த இரத்தத்தையும் விஞ்சிவிடும் என்று அவர் காட்டினார். வகுப்பில் பெருக்கல் வாய்பாட்டுக்கு முகம் சுளிக்கும் பிள்ளைகளுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

இதில் நாம் மனத்தில் நிறுத்த வேண்டிய உண்மை ஒன்று உண்டு. இதயம் இரத்தத்தை உண்டாக்குவதில்லை. சிரைகள் வழியாகத் தன்னிடம் திரும்பி வருவதைத்தான் அது தமனிகள் வழியாக அனுப்புகிறது. வரவு குறைந்தால் செலவும் குறையும். நன்றாக நிரம்பி விரிந்த இதயம் பலமாகச் சுருங்கும்; அரைகுறையாக நிரம்பிய இதயம் மெலிவாகவே சுருங்கும். 1895-இல் ஜெர்மனியில் ஓட்டோ பிராங்கும், பின்னர் முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் இதை ஆய்ந்து விளக்கினார்கள். இன்றும் மருத்துவ மாணவர்கள் இதை அவ்விருவர் பெயராலேயே படிக்கிறார்கள்.

தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேட்டில் ஒரு நீர்த்தொட்டி; அங்கிருந்து லயம் முழுவதற்கும் ஒரே குழாய். தொட்டி நிரம்பியிருக்கும்போது கடைசி வீட்டிலும் தண்ணீர் வேகமாகக் கொட்டும். தொட்டியில் நீர் இறங்கிவிட்டால் முதல் வீட்டில் வரும். கடைசி வீட்டில் வெறும் காற்றுத்தான் வரும். நம் உடலில் அந்தத் தொட்டி சிரைகளே. எந்த நேரத்திலும் மொத்த இரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சிரைகளில்தான் தங்கியிருக்கிறது. மேட்டில் இருக்கும் கடைசி வீடு எது தெரியுமா? நாம் நிமிர்ந்து நிற்கும்போது தலைக்குள் இருக்கும் மூளை.

படுத்திருப்பவர் எழுந்து நின்றவுடன் அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் கால்களுக்கும் வயிற்றின் கீழ்ப்பகுதிக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்துக்கு வரவு குறைகிறது. அப்படியானால் எழுந்து நிற்கும் ஒவ்வொருவரும் மயங்கி விழ வேண்டுமே! விழுவதில்லை. ஏன்? கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் காவலர்களைப்போல் அமர்ந்திருக்கின்றன. அழுத்தம் சற்றே இறங்கியதும் அவை மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. ஓரிரு துடிப்புக்குள் இதயம் வேகம் கூட்டுகிறது, குழாய்கள் இறுகுகின்றன. இதற்குத் துணையாக, நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே அனுப்புகின்றன. கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்று சொல்வது இதனால்தான்.

இப்போது என் மாணவனைப் பாருங்கள். இரவெல்லாம் மூச்சிலும் தோல் வழியாகவும் நீரை இழந்தவன். காலையில் பசியாறவில்லை, ஒரு மிடறு தண்ணீரும் குடிக்கவில்லை. தொட்டியில் நீர் ஏற்கெனவே குறைவு. வெயிலில் தோலின் குழாய்கள் விரிந்து மேலும் இரத்தத்தை வாங்கிக்கொண்டன. அவன் ஆடியபோது கெண்டைக்கால் தசைகள் கொஞ்சமாவது வேலை செய்துகொண்டிருந்தன. "நேராக நில்" என்று அந்தக் கடைசி உதவியையும் நிறுத்தியவன் நான்தான். விழுந்தபோது அவன் உடல் கிடைமட்டமாயிற்று; இரத்தம் மூளைக்கு எட்டியது; கண் விழித்தான்.

நேயர்களே, யாராவது மயங்கினால் நம்மவர்கள் உடனே கைத்தாங்கலாகத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். அது தவறு. நிழலில் மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். நன்றாகத் தெளிந்து, தானாக விழுங்க முடிந்த பிறகே குடிக்கக் கொடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் போய்விடும். சில நிமிடங்களில் தெளியாதவரையும், நெஞ்சு வலியோடு மயங்கியவரையும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

நரம்புகள் செய்வது நொடிப்பொழுதுக் காவல். உடலுக்கு நிதானமான வேறு காவலும் உண்டு. நீர் குறைந்தால் இரத்தத்தில் உப்பின் செறிவு ஏறுகிறது. மூளையின் அடியிலுள்ள ஒரு பகுதி அதை உணர்ந்து தாகத்தை எழுப்புகிறது. அத்துடன், சிறுநீரைக் குறைக்கச் சொல்லும் ஹார்மோன் ஒன்றையும் விடச் செய்கிறது. சிறுநீரகங்கள் நாள் ஒன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவு போக மற்றதையெல்லாம் இரத்தத்துக்கே திருப்பித் தருகின்றன. இரத்த அளவு குறையும்போது அவை உப்பையும் நீரையும் இன்னும் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. சிறுநீர் மஞ்சள் அடர்ந்து குறைந்துபோகும். இரத்த அளவு மிஞ்சிப்போனால் எதிர்க்கட்டளை வருகிறது. அந்தக் கட்டளையை அனுப்புவது இதயமேதான்! இதயத்தின் மேலறைகள் அளவுக்கு மேல் விரியும்போது, உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஹார்மோன் ஒன்றைச் சுரக்கின்றன. 1981-ஆம் ஆண்டு கனடாவில் அடால்போ டி போல்டும் உடன் ஆய்ந்தவர்களும் இதை வெளிப்படுத்தினார்கள். வெறும் பம்பு என்று கருதப்பட்ட இதயம் நீர்க்கணக்கும் பார்க்கிறது என்று அன்றுதான் உலகம் தெளிவாக அறிந்தது.

இரத்த தானம் செய்வோர் ஏன் நலமாக வீடு திரும்புகிறார்கள் என்பதும் இதனால் விளங்கும். அவர்கள் கொடுப்பது பொதுவாக 450 மில்லிலிட்டர் அளவே. உடலின் காவல்கள் அதைச் சமாளித்துவிடுகின்றன. போன நீர் ஓரிரு நாளில் நிரம்பிவிடும். சிவப்பணுக்கள் நிரம்பச் சில வாரங்களாகும். அதுவே விபத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போய்விட்டால், காவல்கள் தோற்று இரத்த அழுத்தம் சரியத் தொடங்கும். இங்கே ஓர் எச்சரிக்கை: அழுத்தம் சரிவது கடைசி அடையாளம். அதற்கு முன்னரே நாடி விரைந்துவிடும்; கை கால் சில்லிடும்; முகம் வெளிறும். அழுத்தம் சரியாக இருக்கிறதே என்று அசட்டையாக இருக்கக் கூடாது.

இனி, வெயிலில் உழைப்போரைப் பற்றிப் பார்ப்போம். நம் நாட்டில் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 1998-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் 40.1 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. அவ்வளவு ஏறாவிட்டாலும், நம் காற்றின் ஈரமே போதுமான தொல்லை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் உடலிலிருந்து சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆனால் ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டும் வியர்வையால் உடல் குளிர்வதில்லை. நீரும் உப்பும் மட்டும் வீணாகின்றன. கடும் வேலையில் ஒரு மணிக்கு ஒரு லிட்டருக்கும் அதிகமாக வியர்வை போவது உண்டு.

அப்போது இதயத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். குலை வெட்டும் கைகளுக்கு இரத்தம் வேண்டும். வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கும் இரத்தம் வேண்டும். இருக்கும் இரத்தமோ குறைந்துகொண்டே வருகிறது. ஒரு துடிப்பில் தள்ளும் அளவு குறைவதால் இதயம் துடிப்பைக் கூட்டி ஈடுசெய்கிறது. அதே வேலைதான், காலை எட்டு மணிக்குத் துடித்ததைவிடப் பதினொரு மணிக்கு இதயம் வேகமாகத் துடிக்கிறது. 60 கிலோ எடையுள்ளவர் 1.2 லிட்டர் நீரை இழந்தால், அது அவர் எடையில் 2 விழுக்காடு. அந்த அளவிலேயே உழைக்கும் திறன் குறையத் தொடங்குகிறது. வேலைக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் இது தெரியும். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர்.

என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். விடியும் முன்பே பெரட்டுக்குப் போய்விடுவார். பால் நன்றாக வடிவதற்காகத்தான் அந்த நேரம்; ஆனால் அது உடலுக்கும் நல்லதாக அமைந்தது. என் தாயார் உப்புப் போட்ட நீராகாரத்தைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தனுப்புவார். வியர்வையில் போன நீரும் உப்பும் அதில் சேர்ந்தே திரும்பின. ஆனால் அதே தாயார் வெளிக்காட்டு வேலைக்குப் போகும்போது தாம் மட்டும் தண்ணீர் குடிக்க மாட்டார். காரணத்தைப் பெண் நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காட்டில் ஒதுங்க இடம் இல்லை. என் மாணவன் சொன்ன காரணமும் அதுதான். நீர் குடிப்பது தனி மனிதரின் பழக்கம் மட்டுமன்று. கழிப்பறை இருக்கிறதா என்பதையும் பொறுத்தது.

இப்போது சற்றுத் துயரமான செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு ஏழு வயது இருக்கும். எங்கள் லயத்தில் அடுத்த வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், கொடுக்காதே" என்று பெரியவர்கள் சொன்னார்கள். அந்தத் தாய் பெரியவர்கள் சொல்லை மீறவில்லை. குழந்தையின் கண் குழிந்தது. உச்சிக்குழி உள்ளே இறங்கியது. அழுதால் கண்ணீர் வரவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் அந்த வீட்டிலிருந்து எழுந்த அழுகுரல் இன்னும் என் காதில் இருக்கிறது. யாரையும் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. அன்பு இல்லாமல் அவர்கள் அப்படிச் செய்யவில்லை, அறியாமல் செய்தார்கள்.

வயிற்றுப்போக்கில் உயிரைக் கொல்வது நீர் இழப்பே என்பது எப்படித் தெரிந்தது? 1831-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் காலரா பரவியபோது, ஓஷானெஸி என்ற இளம் மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தார். அது நீரையும் உப்பையும் இழந்து கெட்டியாகியிருந்தது. அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தில் தோமஸ் லாட்டா என்ற மருத்துவர் உப்புக் கரைசலை நோயாளிகளின் சிரைக்குள் செலுத்தினார்; நாடி அடங்கிக் கிடந்த சிலருக்கு நாடி திரும்பியது. இன்று மருத்துவமனையில் நம் கையில் ஏற்றும் சொட்டு நீருக்கு அதுவே தொடக்கம்.

ஆனால் ஊசியும் குழாயும் இல்லாத இடத்தில் என்ன செய்வது? 1971-இல் வங்கதேசப் போரின்போது அகதிகள் மேற்கு வங்காளத்துப் போங்கானில் குவிந்தார்கள், காலரா வந்தது, ஏற்றுவதற்குச் சொட்டு நீர் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்பவர் உப்பையும் குளுக்கோசையும் சோடா உப்பையும் நீரில் கரைத்து, வீட்டாரையே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இது மந்திரமன்று. குடலின் சுவரில் சர்க்கரையும் உப்பும் கைகோத்தே உள்ளே நுழைகின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் நுழைகிறது. போக்கு நிற்காவிட்டாலும் இந்த வாசல் திறந்தே இருக்கிறது.

இப்போது மருந்துக் கடைகளிலும் கிளினிக்குகளிலும் இந்த உப்புக் கரைசல் பொட்டலமாகக் கிடைக்கிறது. அதுவே சிறந்தது. கிடைக்காத வேளையில் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டிச் சீனியும், தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரையுங்கள். அளவு மிக முக்கியம். உப்பு கூடினால் குழந்தைக்குக் கேடு. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு போக்குக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லிலிட்டர், சிறுகரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிந்தாலும், குழந்தை துவண்டாலும், குடிக்க மறுத்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

நீர் வெளியே போகாமலே இரத்தம் வற்றும் நோய் ஒன்றும் நம் நாட்டில் உண்டு. அதுதான் டிங்கி காய்ச்சல். அதன் கடுமையான இரத்தக்கசிவு வகை 1962-இல் பினாங்கில் முதன்முதலாக அறியப்பட்டது. டிங்கி என்றாலே இரத்தம் கொட்டும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் உயிருக்கு உலை வைப்பது வேறு. நுண்குழாய்களின் சுவர் தளர்ந்து, பிளாஸ்மா வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் கசிந்துவிடுகிறது. நீர் உடலுக்குள்ளேதான் இருக்கிறது; ஆனால் குழாய்க்குள் இல்லை. இதயம் தள்ள இரத்தம் போதவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, இந்தக் கசிவு பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் தொடங்குகிறது. காய்ச்சல் விட்டதே என்று வீட்டார் நிம்மதி கொள்ளும் நேரம் அது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் சில்லிடுதல், மிகுந்த சோர்வு அல்லது அமைதியின்மை ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவர்கள் இரத்தத்தை அடிக்கடி சோதிப்பது அது எவ்வளவு கெட்டியாகிறது என்று அறிந்து, நீரை அளந்து ஏற்றுவதற்காகத்தான். வீட்டில் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின் வகைகள் கூடாது.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்படியானால் குடம் குடமாகக் குடிக்கலாமே" என்று யாரும் புறப்பட்டுவிடக் கூடாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. இதயம் பலவீனமாகிவிட்டவருக்கு வரவு கூடினால் தள்ள முடியாது. இரத்தம் தேங்கி, நீர் நுரையீரலிலும் கணுக்காலிலும் ஊறும். படுத்தால் மூச்சு முட்டும். சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கும் இதே நிலை. அத்தகையோர் மருத்துவர் சொன்ன அளவையே குடிக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினால், அது கொழுப்பன்று, நீர் என்று அறிந்து மருத்துவரிடம் போக வேண்டும். நலமாக உள்ளவரும், ஓயாமல் வியர்த்தபின் வெறும் தண்ணீரை மட்டும் அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலியும் குழப்பமும் வலிப்பும் வரலாம்.

இன்னும் நால்வரைக் குறிப்பிட வேண்டும். முதியோருக்குத் தாக உணர்வு மழுங்கிவிடுகிறது. அவர்களுக்கு நாம்தான் நினைவூட்டிக் கொடுக்க வேண்டும். இனிப்புநீர் உள்ளவருக்குச் சர்க்கரை மிகும்போது அது சிறுநீரோடு நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது; அடிக்கடி தாகம் எடுத்தால் இனிப்புப் பானம் குடிக்காமல் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். கருவுற்ற பெண்ணின் உடலில் இரத்தத்தின் அளவு 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. ஆகையால் அவள் தண்ணீருக்கும் உணவுக்கும் தயங்கும் நிலை வரக் கூடாது. இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை உட்கொள்வோர் வாந்தி பேதி கண்டால், மாத்திரையைத் தொடரலாமா என்று அன்றே மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மற்றவர்களுக்கு எளிய வழி இதுதான். நாளுக்கு ஆறு முதல் எட்டுக் குவளை தண்ணீர். வெயிலில் உழைக்கும்போது தாகத்துக்குக் காத்திராமல் கால் மணி அல்லது இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு கோப்பை. நடுவே உப்புச் சேர்ந்த உணவு. சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் நலம். தேத்தண்ணீர் நிறத்துக்குப் போனால் உடல் கேட்கிறது என்று பொருள். வெயிலில் ஒருவர் உளறினாலோ, உடல் கொதித்து நினைவு தடுமாறினாலோ, நிழலுக்குத் தூக்கி உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவ உதவிக்கு ஆள் அனுப்புங்கள்.

என் மாணவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். உதட்டில் இரண்டு தையலோடு மறுநாளே பள்ளிக்கு வந்துவிட்டான். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் ஒரு சனிக்கிழமை கூடிக் கழிப்பறைக்குக் கதவும் குழாயும் போட்டார்கள், வண்ணம் பூசினார்கள். நான் என் வகுப்பில் ஒவ்வொரு பாடவேளையின் முடிவிலும் பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்கச் சொல்லத் தொடங்கினேன். அன்று தொடங்கிய பழக்கம் இன்றும் நிற்கவில்லை. சபைகூடலில் ஒரு பிள்ளை ஆடினால் இப்போது நான் அதட்டுவதில்லை, அருகில் போய், "காலையில் என்னம்மா குடித்தாய்?" என்று கேட்கிறேன்.

இன்றிரவு உங்கள் வீட்டிலும் உங்கள் பிள்ளைகளை அருகில் அழைத்து ஒரு கேள்வி கேளுங்கள்: "பள்ளியில் தண்ணீர் குடிக்கிறாயா? கழிப்பறைக்குப் போக முடிகிறதா?" அந்தக் கேள்விக்கு வரும் பதிலில் அவர்களுடைய இதயத்தின் நலமும் அடங்கியிருக்கிறது.